கோழியும் தேநீரும் ஒரே குழாயில்

காசைப் போட்டால் கடதாசிக் கோப்பை விழுந்து, அதற்குள் ஏதோ ஒரு சுடுதண்ணீரைப் பீய்ச்சுகிற மெஷினைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உதைக்கத்தான் வரும். ஆஸ்பத்திரியிலும் நிற்கிறது, ரயில் நிலையத்திலும் நிற்கிறது. என் மகள் "அப்பா, அது வெறும் மெஷின்" என்பாள். அவளுக்கு என்ன தெரியும்? அவள் பிறக்க முன்னம் அப்படி ஒன்றோடு ஒரு கோடைகாலம் முழுவதும் மல்லுக்கட்டியவன் நான்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்த எங்களுக்கு அப்போது கிடைத்ததெல்லாம் ஹோட்டல் சமையலறைகளின் பின்பக்கத்து வேலைதான். எனக்குக் கிடைத்தது ஜெர்மன் கதைக்கிற மலைப்பகுதி ஒன்றில், எங்கடின் என்ற பள்ளத்தாக்கில். ஹோட்டல் வாசலில் நின்றால் சிவப்பு மலை ரயில் வளைந்து ஏறுவது தெரியும். அதைப் பார்க்க உலகத்தின் மறுபக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நான் சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கருகிப்போன சட்டி, சீஸ் ஒட்டிய சட்டி, கிழங்கு பிடித்த சட்டி. அந்தச் சீஸைக் கண்டுபிடித்தவன் சட்டி கழுவாதவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஹோட்டலில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். என் சொந்த அண்ணன் இல்லை. வயதில் மூத்தவர், அவ்வளவுதான். ஊரில் பஸ் கொண்டக்ரராக இருந்தவர். அந்தக் குரல் அவரை விட்டுப் போகவேயில்லை. பக்கத்தில் நிற்கிறவனோடு கதைத்தாலும் பின் சீற்றில் இருக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரித்தான் கதைப்பார்.

ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய மண்டபம் இருந்தது. மலையில் நடந்துவிட்டு வருகிறவர்கள் சேற்றுச் சப்பாத்தைக் கழற்றுகிற இடம் அது. சுற்றுலா பஸ்களில் வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் உள்ளே வருவார்கள். அங்கே ஒரு மேசையைப் போட்டு, பெரிய கேத்திலில் தேநீரும் ஒரு பிளாஸ்கில் கோப்பியும் வைத்துக்கொண்டு அண்ணை நிற்பார். மத்தியானத்திலிருந்து மாலை வரை அதுதான் அவருடைய வேலை. அவருடைய தேநீர் அமிர்தம் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை. சீனி கூட. சாயமும் கூட. ஆனால் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அது போதும். "வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று அவர் தமிழிலேயே கூப்பிடுவார். வெள்ளைக்காரர்களும் அதை விளங்கிக்கொண்டு வரிசையில் வருவார்கள்.

எங்களுக்கு இருந்த பயம் ஒன்றுதான். ஒக்டோபரில் ஹோட்டலைப் பூட்டுவார்கள். டிசம்பரில் பனிச்சறுக்கு ஆட்கள் வரும்போது திரும்பத் திறப்பார்கள். திறக்கும்போது உன்னைக் கூப்பிட்டால் நீ மனிதன். கூப்பிடாவிட்டால் அகதிகள் விடுதிக்குத் திரும்பவேண்டும். நாங்கள் அதைக் காம்ப் என்போம். அண்ணை ஹோட்டலுக்கு வரமுன்னம் ஒரு பனிக்காலம் முழுவதும் காம்பில் இருந்தவர். மேல்கட்டில் கீழ்கட்டில், எட்டிப் பார்த்தால் பனி, செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே ஒருவர் சுவரோடு கதைக்கத் தொடங்கியதை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். "தம்பி, கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவுவன். காம்புக்கு மட்டும் போகமாட்டன்" என்று அடிக்கடி சொல்வார். ஆகவே அந்த மேசையும் கேத்திலும் அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் ஜப்பான்காரர் வருகிறார். மலை ரயில் பார்க்கக் கோடையில் ஜப்பானியக் குழுக்கள் வரும். அவர்களை அழைத்து வருகிற வழிகாட்டி ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள், எப்போதும் களைத்த முகம், நிறையப் புகைப்பார். ஒரு மாலை அவர் எங்கள் முதலாளியோடு இருந்து கதைக்கும்போது, தங்களுடைய நாட்டில் தெருவுக்குத் தெரு மெஷின் நிற்கிறது, காசைப் போட்டால் பனிக்காலத்தில் சூடான கோப்பியும் வெயில் காலத்தில் குளிரான கோப்பியும் ஒரே மெஷினில் வரும், பக்கத்தில் ஆளே தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சும்மா பொழுதுபோகச் சொன்னது. எங்கள் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் "ஆள் தேவையில்லை" என்ற சொல் எந்த முதலாளிக்கும் காதில் தேன். அடுத்த கோடை தொடங்கும்போது லொறியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

ஜப்பான் மெஷின் இல்லை. பக்கத்து நாட்டில் எங்கோ செய்தது. அலுமாரி அளவு இருந்தது. முன்பக்கத்தில் மலையும் கோப்பிக் கோப்பையும் படம் போட்டு விளக்கு எரிந்தது. கோப்பி, பால் கோப்பி, சொக்கலேற், தேநீர், கோழிச் சூப் என்று வரிசையாகப் பொத்தான்கள். அண்ணையின் மேசை இருந்த இடத்திலேயே அதை நிறுத்தினார்கள். மேசையை நானும் அண்ணையும்தான் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தோம். கேத்தில் சமையலறைக்குப் போனது.

"கண்டறியாத மெஷின்" என்றார் அண்ணை. ஊரில் ஆகாததைத் திட்டுகிற சொல் அது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மெஷின் இந்தக் கோடைக்குப் பரீட்சார்த்தமாகத்தான் வந்திருக்கிறது. சரிவந்தால் வைத்துக்கொள்வார். தொல்லை கொடுத்தால் ஒக்டோபரில் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பினால் பனிக்காலத்துக்குக் கேத்தில் திரும்ப வரும், அண்ணையும் வரலாம். அதுவரைக்கும் அண்ணை என்னோடு நின்று பாத்திரம் கழுவட்டும். இதைச் சொல்லிவிட்டு மெஷினின் முதுகைத் தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

ஆள் தேவையில்லாத மெஷின் என்றார்களே, அந்தக் கோடை முழுவதும் அந்த மெஷினுக்கு ஆளாக இருந்தது நான். கோப்பை சரிந்து விழும், சுடுதண்ணீர் வெளியே பாயும், கூப்பிடு அவனை. காசை விழுங்கிவிட்டுப் பேசாமல் நிற்கும், கூப்பிடு அவனை. கோப்பையே விழாமல் சொக்கலேற் மட்டும் ஊற்றும், ஒரு ஜெர்மன் மனிசன் தன் கைகளைக் குவித்து அதை ஏந்தப் பார்த்து கத்திக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். கீழே ஒரு தட்டு, சிந்துவதைப் பிடிக்க. அதை நான் ஊற்றிக் கழுவவேண்டும். ஈரச் சப்பாத்தோடு வருகிறவர்கள் சிந்தியதை மிதித்து மண்டபம் முழுவதும் இழுப்பார்கள். அதையும் நான் துடைக்கவேண்டும். சட்டிகள் அங்கே குவிந்து கிடக்கும், சமையற்காரன் அங்கே நின்று கத்துவான். அண்ணை ஒருவர் கேத்திலோடு நின்ற காலத்தில் அந்த நிலத்தில் ஒரு துளி சிந்தியதில்லை.

உதைத்தால் வேலை செய்யும் என்று நான் கண்டுபிடித்தேன். இடது பக்கம், கீழே, குதிக்காலால். பிறகு விருந்தாளிகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். வங்கி முகாமையாளர் மாதிரி இருக்கிற ஆட்கள் காசைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உதைப்பார்கள்.

கோழி விஷயம் தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

அண்ணை வெள்ளிக்கிழமையில் சைவம். இதைச் சொல்லும்போது மற்றக் கிழமைகளையும் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலையில் மிஞ்சிக் கிடக்கிற கோழிக்காலை முதலில் தேடிப் பிடிக்கிறவர் அவர்தான். எலும்பைக் கூட விடமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் முட்டையும் தொடமாட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளில் அப்படித்தான். மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சச் சட்டி மூலைக்குள் போய்விடும். வீட்டில் எவ்வளவு வறுமை என்றாலும் சட்டி இரண்டு இருக்கும்.

அன்றைக்கு வேலை கொஞ்சம் ஓய்ந்த நேரம் அண்ணை மெஷினில் தேநீர் எடுத்தார். அவருக்கு முன்னால் எடுத்தவர் சூப் எடுத்திருந்தார். அண்ணை ஒரு மிடறு குடித்தார். அப்படியே நின்றார். பிறகு கோப்பையை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"தம்பி, மணந்து பார்."

"என்ன அண்ணை, தேத்தண்ணி தானே."

"வடிவா மணந்து பார். கோழி."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மெல்லிய மணம்தான். தேநீரின் மேலே சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன.

"இவங்கள் மச்சச் சட்டியிலை தேத்தண்ணி ஊத்துறாங்கள்" என்றார். குரல் மண்டபத்துக்கே கேட்டது. தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தப்பினோம். போய் வாயைக் கொப்பளித்தார். அன்றைக்கு முழுவதும் வேறு ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் தூள் நிரப்புகிற மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது இருவரும் பின்னால் நின்று பார்த்தோம். உள்ளே ஒவ்வொரு தூளுக்கும் ஒவ்வொரு டப்பா. டப்பாவிலிருந்து தூள் சரிந்து வந்து விழுவது ஒரே புனலில். சுடுதண்ணீர் வந்து கலப்பதும் அந்தப் புனலில்தான். அதன் கீழே ஒரே குழாய். கோழியும் அதால்தான், கோப்பியும் அதால்தான். நான் என் ஓட்டை ஜெர்மனில் மெக்கானிக்கிடம் கேட்டேன். எல்லா இடத்திலும் அப்படித்தான், தண்ணீர் வரும்போது தானாகவே கழுவுப்பட்டுவிடும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"கழுவுப்படுதாம்" என்றார் அண்ணை. "இவன்ரை வீட்டிலை போய்ப் பாக்கவேணும், எத்தினை சட்டி இருக்குதெண்டு."

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. விருந்தாளிகள் ஏற்கனவே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். கோப்பி ஒரு மாதிரி இருக்கிறது, சொக்கலேற் உப்புக் கரிக்கிறது என்று. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. அவர் கோப்பித் தூளை மாற்றிப் பார்த்தார். பிறகு இன்னொரு தூளுக்கு மாற்றினார். பிறகு அந்த ஊர்த் தண்ணீர்தான் பிழை என்று சொல்லத் தொடங்கினார். ஓகஸ்ட் தொடங்கும்போது சமையலறைக்குள் வந்து, இந்தப் பெட்டி இப்படியே தன் உயிரை எடுத்தால் ஒக்டோபரில் லொறியில் ஏற்றப்போவதாக எல்லாருக்கும் முன்னால் சொன்னார். எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை.

"அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ" என்றேன். "கோழி மணக்கட்டும். மணக்க மணக்க உங்களுக்குத்தான் நல்லது. இன்னும் ரெண்டு மாசம் மணந்தால் உங்கடை கேத்தில் திரும்பி வரும்."

"அதெனக்குத் தெரியாதே? நான் என்ன விசரனே?"

"சரி. அப்ப பேசாமல் இருங்கோ."

"இருக்கிறன். ஆனா வாறதுகள் தெரியாமல் குடிக்குதுகள், தம்பி."

"வெள்ளைக்காரன் தானே குடிக்கிறான். அவனுக்கென்ன வெள்ளிக்கிழமை?"

"அதுவும் சரிதான்" என்றார்.

அந்த மாதத்தில் ஜப்பான் வழிகாட்டி ஒரு குழுவோடு வந்தார். மெஷினைக் கண்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு. காசைப் போட்டுக் கோப்பி எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். மீதியைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்று சிகரெட் பற்றவைத்தார். நாங்கள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது அங்கேதான். அண்ணை என்னைக் குத்தினார்.

"கேள் தம்பி. அவரின்ரை நாட்டிலையும் கோழியும் தேத்தண்ணியும் ஒரே குழாயாலையோ வாறதெண்டு கேள்."

என் ஆங்கிலமும் ஓட்டைதான். கேட்டேன். அவர் சிரித்தார். தெருவில் நிற்கிற மெஷின்களில் குழாயே இல்லை என்றார். மூடின தகரப் பேணி. கோப்பி ஒரு பேணியில், தேநீர் ஒரு பேணியில், சோளச் சூப்புங்கூட ஒரு பேணியில். மெஷின் பேணியைச் சூடாக்கி வைத்திருக்கும், காசைப் போட்டால் தள்ளிவிடும். உள்ளே இருப்பதை ஒன்றும் தொடாது. பனிக்காலத்தில் அந்தப் பேணியைச் சட்டைப்பைக்குள் வைத்தால் கை சூடாகும் என்று தன் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார்.

நான் தமிழில் சொன்னதும் அண்ணை கிழங்கைக் கீழே வைத்தார். "பாத்தியே. அவங்கள் யோசிச்சுச் செய்திருக்கிறாங்கள். ஒண்டையொண்டு தொடாது. இவங்கள் கேட்டது பாதி, செய்தது பாதி."

"நல்லது எண்டோ சொல்லுறியள்? அங்கையும் உங்களை மாதிரி ஒருத்தன்ரை வேலை போயிருக்கும்."

"போயிருக்கும். ஆனா அசிங்கமாப் போகேல்லை."

வழிகாட்டி என்ன கதைக்கிறோம் என்று கேட்டார். உங்களுடைய மெஷின் நல்லதாம் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். தன்னுடைய வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒன்று நிற்கிறது, ராப்பகலாக உறுமிக்கொண்டே இருக்கும், இங்கே வந்தால்தான் தான் நித்திரை கொள்கிறேன் என்றார். பிறகு சிகரெட்டை அணைத்துவிட்டுக் குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரைச் சிக்கலில் மாட்டிவிட்டது தன் வாய்தான் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. முணுமுணுப்பு புகாராகிவிட்டிருந்தது. ஒரு அம்மா வரவேற்பு மேசைக்கே கோப்பையைக் கொண்டுபோய் மணக்கச் சொன்னாள். முதலாளி மெஷினைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. முதுகில் தட்டுவதை நிறுத்திவிட்டார். அவரும் உதைக்கத் தொடங்கியிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

செப்டெம்பர் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஒரு பஸ் வந்தது. அதில் ஒரு குஜராத்தித் தம்பதி. நடுவயது. அந்த அம்மா சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டு, சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து போட்டிருந்தார். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே அவர்கள் சுத்த சைவம் என்று சமையலறைக்குச் செய்தி வந்துவிட்டது. முட்டை இல்லை, வெங்காயமும் இல்லை. சமையற்காரன் தலையில் கைவைத்தான். கடைசியில் அவர்கள் தாங்கள் கொண்டுவந்த ரொட்டியையும் ஊறுகாயையும் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அண்ணை அதைக் கதவிடுக்கால் பார்த்துவிட்டு வந்து, "மனிசர்" என்றார். ஆளைப் பாராட்ட அவரிடம் இருந்த ஒரே சொல் அது.

மறுநாள் பின்னேரம் நல்ல மழை. பஸ் ஆட்கள் நனைந்துகொண்டு மண்டபத்துக்குள் வந்தார்கள். மெஷினுக்கு முன்னால் வரிசை. சமையலறையில் எனக்குச் சட்டிகள் குவிந்திருந்ததால் அன்றைக்கு நிலம் துடைக்க அண்ணைதான் போயிருந்தார். நான் ஒரு வாளியை எடுக்க மண்டபத்துக்குள் வந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். வரிசையில் முன்னால் நின்ற இங்கிலீஷ்காரக் கிழவர் கோழிச் சூப்பை எடுத்துக்கொண்டு விலகினார். அவருக்குப் பின்னால் நின்றது அந்த அம்மா. காசைப் போட்டார். தேநீர்ப் பொத்தானை அமத்தினார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை துடைப்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கண் கோப்பையில். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா கோப்பையை எடுத்து ஊதினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அம்மா, குடியாதேங்கோ!"

பஸ்ஸை நிறுத்துகிற குரல். மண்டபத்தில் எல்லாரும் திரும்பினார்கள். துடைப்பம் நிலத்தில் விழுந்தது. அண்ணை பாய்ந்து போய் அந்தக் கோப்பையைப் பறித்தார். பாதி தேநீர் அவருடைய கையில், பாதி அந்த அம்மாவின் கம்பளிச் சட்டையில். அம்மா அலறினார். கணவர் ஓடிவந்து அண்ணையின் சட்டையைப் பிடித்தார். அண்ணை "ஹூன்! ஹூன்!" என்று கத்தினார். கோழிக்கு ஜெர்மன் சொல் அது. அந்தத் தம்பதிக்கு ஜெர்மன் தெரியாது. அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. பிறகு அவர் இரண்டு கைகளையும் கோழிச் செட்டை மாதிரி அடித்துக் காட்டினார். நிலைமை இன்னும் மோசமானது.

நான் போய் நடுவில் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரே குழாய், கோழிச் சூப்பும் இதால்தான் வருகிறது, தேநீரில் கோழி இருக்கிறது என்று. வேறு வழி இருக்கவில்லை. கணவரின் கை தளர்ந்தது. அந்த அம்மா நிலத்தில் கிடந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"நேற்று நீங்கள் எத்தனை குடித்தீர்கள்?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

கணவர் சப்பாத்துக் கழற்றுகிற மர வாங்கில் போய் இருந்துவிட்டார். அந்த அம்மா அண்ணையிடம் வந்து, வெந்துபோன கையைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் கூப்பினார். அண்ணையும் ஈரக்கையோடு கூப்பினார்.

முதலாளி வந்தார். விருந்தாளியின் கையிலிருந்து கோப்பையைப் பறித்தவனை அந்த இடத்திலேயே துரத்துவார் என்றுதான் நினைத்தேன். என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணை மெஷினின் கதவைக் காட்டி, கோழி, தேநீர், கோப்பி, எல்லாம் ஒரு குழாய் என்று தன் ஜெர்மனில் சொன்னார். அவ்வளவு தெளிவாக அவர் ஜெர்மன் கதைத்ததை நான் அதற்கு முன்னமும் கேட்டதில்லை, பின்னமும் கேட்டதில்லை. முதலாளி திறப்பைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். புனலுக்குள் விரலை விட்டார். மணந்து பார்த்தார்.

"ஹூன்" என்றார் முதலாளி.

அன்றிரவு அறையில் நான் அண்ணையோடு சண்டை போட்டேன். கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"உங்களுக்கு விசரே? இன்னும் ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் பேசாமல் இருக்கேலாதே?"

"இருந்தனான் தானே."

"இருந்து என்ன? கடைசியிலை நீங்களே வாயாலை திருத்திக் குடுத்திட்டியள். நாளைக்கு அவன் சூப்பை எடுத்துவிடுவான். கோப்பி மணக்காது. மெஷின் நிக்கும். நீங்கள் போவியள்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"டேய், என்ரை வயித்துக்கெண்டால் நான் ஆயுசுக்கும் பேசாமல் இருப்பன். அந்த மனிசி வெங்காயமும் தின்னாதவ. நான் பாத்துக்கொண்டு நிக்க அவ குடிக்கிறதோ? என்னாலை ஏலாது."

"சனிக்கிழமை கோழிக்கால் தேடுற ஆளுக்கு இந்தக் கதை."

"அது நான் தெரிஞ்சு தின்னுறது" என்றார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் சொன்னபடியே நடந்தது. மெக்கானிக் வந்து சூப் டப்பாவைக் கழற்றினான், புனலை மாற்றினான், குழாயை மாற்றினான். சூப் இருந்த இடத்தில் எலுமிச்சைத் தேநீர் வந்தது. ஒரு கிழமைக்குள் புகார் நின்றது. சொக்கலேற் உப்புக் கரிக்கவில்லை. கோப்பி கோப்பியாக இருந்தது. முதலாளி திரும்பவும் மெஷினின் முதுகைத் தட்டத் தொடங்கினார். மழை நாட்களில் வரிசை நீண்டது. நான் மட்டும்தான் அதை இன்னும் உதைத்தேன். தேவையில்லாமல் உதைத்தேன்.

ஒக்டோபரில் ஹோட்டலைப் பூட்டும் நேரம் நெருங்கியதும் முதலாளி அண்ணையைக் கூப்பிட்டு கைகொடுத்தார். நீ இல்லாவிட்டால் கடைசிவரை எனக்கு விளங்கியிருக்காது, நன்றி என்றார். ஒரு பெட்டி சொக்கலேற் கொடுத்தார். பனிக்காலத்துக்குப் பாத்திரம் கழுவ ஒருவர் போதும் என்றும், அதற்கு நான் இருக்கிறேன் என்றும் சொன்னார். இவ்வளவையும் ஒரே மூச்சில், அதே சிரித்த முகத்தோடு சொன்னார். அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. திருத்திக் கொடுத்தவனுக்குச் சொக்கலேற், மெஷினுக்கு இடம்.

அண்ணை போனது ஒரு வெள்ளிக்கிழமை. பெட்டியைக் கட்டி மண்டபத்தில் வைத்துவிட்டு மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன அண்ணை, இனியும் என்ன?"

"பொறு."

காசைப் போட்டார். தேநீரை அமத்தினார். கோப்பை நேராக விழுந்தது. ஒரு துளி சிந்தவில்லை. சனியன் பிடித்த மெஷின், அன்றைக்கென்று ஒழுங்காக வேலை செய்தது. அவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார். மணந்தார். பிறகு நின்றபடியே, அவசரப்படாமல், அடிவரைக்கும் குடித்தார்.

"எப்பிடி?" என்றேன். கேட்காமல் இருக்கமுடியவில்லை.

"நல்லாயில்லை" என்றார். "ஆனா சைவம்."

கோப்பையைக் குப்பைக்குள் போட்டார். சொக்கலேற் பெட்டியை என் கையில் தந்தார். காம்பில் எல்லாரும் பங்கு கேட்பார்கள், எனக்கு அதைப் பிரிக்க ஏலாது, நீயே தின் என்றார். தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கி நிலையத்துக்கு நடந்தார். சிவப்பு ரயில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. சுற்றுலா ஆட்கள் சிலர் வழக்கம்போல அதைப் படம் எடுத்தார்கள்.

நான் உள்ளே வந்தேன். மெஷினுக்குக் கீழே தண்ணீர் ஒழுகி நின்றது. முதலாளி மேலே நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், துடைக்கச் சொல்லி.